நெருக்கடியிலும் படிப்பு அறுபடாமல் காப்பது எப்படி?



உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு. "இந்த வருஷம் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். நிலைமை சரியானதும் அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம்." தகப்பன் மவுத்தான வீடு, வெளிநாட்டு வேலை போய்த் திரும்பி வந்தவரின் வீடு, நீண்ட நோயில் சேமிப்பெல்லாம் கரைந்த வீடு என்று எங்கும் இதே பேச்சுதான். இப்படிச் சொல்பவர்கள் யாரும் படிப்பை வேண்டாம் என்பவர்கள் அல்லர். வாடகையும் மருந்துச் செலவும் கடனும் வாசலில் நிற்கும்போது, நோட்டுப் புத்தகமும் பேருந்துக் காசும் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றன. ஆனால் அந்த 'அடுத்த வருஷம்' பல வீடுகளில் வராமலே போனதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆகவே இந்த இதழின் பாடத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். நம்முடைய கஷ்டத்தைவிடப் பல மடங்கு பெரிய கஷ்டத்தில், அதாவது போரிலும் முற்றுகையிலும் அகதி முகாமிலும் இருந்த மக்கள், தம் பிள்ளைகளின் படிப்பை என்ன செய்தார்கள்? எது அதைக் காப்பாற்றியது, எது அறுத்தது?

எவ்வளவு பெரிய பிரச்சினை?

நெருக்கடிக் காலக் கல்விக்காகவே 2016-இல் இஸ்தான்புல் மாநாட்டில் ஐ.நா.வின் கீழ் ஒரு தனி நிதியம் தொடங்கப்பட்டது. 2025-இன் தொடக்கத்தில் அது வெளியிட்ட கணக்கின்படி, போர், இடப்பெயர்வு, இயற்கைப் பேரிடர் போன்றவற்றால் படிப்பு பாதிக்கப்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் உலகில் 23 கோடியே 40 லட்சம் பேர். அவர்களில் எட்டரைக் கோடிப் பேர் பள்ளிக்கே போகவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகையே 7 கோடியே 21 லட்சம்தான் என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும்.

ஒரு வருடம் விட்டால் என்ன, பிறகு படித்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். நடப்பது வேறு. பள்ளியை விட்ட பையன் ஒரு வேலையில் சேர்கிறான். அவன் கொண்டுவரும் கூலி சில மாதங்களில் வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பிறகு அதை விட முடிவதில்லை. வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைக்கு வரன் வரத் தொடங்குகிறது. சிறு பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதையும் மறந்துவிடுகிறார்கள். திரும்பப் போகலாம் என்ற நிலை வந்தாலும், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வெட்கம் தடுக்கிறது. விடுபட்ட காலம் நீள நீளத் திரும்பும் வழி குறுகிக்கொண்டே போகிறது. போர் நடக்கும் நாட்டிலும் நம் தெருவிலும் இது ஒரே மாதிரிதான் நடக்கிறது.

சரயேவோ: மாடிப்படிகளில் நடந்த வகுப்புகள்

பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோ 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், செர்பியப் படைகளின் முற்றுகையில் இருந்தது. நகரைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்து பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. தெருவைக் கடப்பவர்களைக் குறிபார்த்துச் சுட்டார்கள். மின்சாரம் இல்லை. குடிநீருக்கு வரிசை. 1992 ஆகஸ்டில் நகரின் பெரிய நூலகமே எரிந்து போனது.

பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் மாதங்கள் நீண்டபோது அந்த நகரத்தின் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிள்ளை பள்ளிக்குப் போக முடியாவிட்டால், பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி போக வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்திலும், குண்டுக்கு ஓரளவு மறைவான மாடிப்படி இடைவெளிகளிலும், தனி வீடுகளிலும் வகுப்புகள் தொடங்கின. பிள்ளைகள் பழைய பள்ளியைத் தேடித் தெருக்களைக் கடக்க வேண்டாம், தம் குடியிருப்பிலேயே படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஆசிரியர்களும் அப்படியே. போருக்கு முன் எந்தப் பள்ளியில் வேலை பார்த்திருந்தாலும், இப்போது வீட்டுக்கு அருகில் எங்கே வகுப்பு நடக்கிறதோ அங்கே போய்ப் பாடம் நடத்தினார்கள்.

1993 மார்ச்சில், தாமதமாகத்தான் என்றாலும், முறையான கல்வியாண்டையே தொடங்கினார்கள். வழக்கத்தைவிட வாரங்கள் குறைவு, பாடத்திட்டமும் சுருக்கம். ஆனாலும் தேர்வு நடந்தது, மதிப்பெண் பதியப்பட்டது, பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். உடைந்த ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, குளிரில் கோட்டைக் கழற்றாமலே படித்தார்கள். சரயேவோ பல்கலைக்கழகமும் முற்றுகைக்குள்ளேயே பட்டம் வழங்கியது.

இதற்குக் கொடுத்த விலையையும் நாம் மறைக்கக் கூடாது. 1993 நவம்பரில் அலிபாஷினோ போல்யே என்ற குடியிருப்பில் இப்படி நடந்துகொண்டிருந்த ஒரு வகுப்பின்மேல் குண்டு விழுந்தது. ஆசிரியையும் மாணவர்களும் அங்கேயே இறந்தார்கள். 'அப்படியாவது படிக்க வேண்டுமா' என்ற கேள்வி எந்தத் தாய் தகப்பனுக்கும் வரும். அந்த நகரத்துப் பெற்றோருக்கும் வந்திருக்கும். ஆனால் வீட்டிலும் குண்டு விழுந்தது, தண்ணீர் வரிசையிலும் விழுந்தது. பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லாதபோது, பிள்ளை பயத்தோடு மட்டும் பொழுதைப் போக்காமல் பாடத்தோடும் இருக்கட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். வகுப்புகள் நிற்கவில்லை.

படிப்பைத் தாங்கும் நான்கு தூண்கள்

சரயேவோவையும் மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, நெருக்கடியில் ஒரு பிள்ளையின் படிப்பை நான்கு விஷயங்கள் தாங்குவது தெரிகிறது: பக்கத்தில் ஓர் இடம், புரியும் மொழி, செல்லும் சான்றிதழ், பெண் பிள்ளைக்கு ஒரு வழி. இதில் ஒன்று முறிந்தாலும் மற்றவை தடுமாறுகின்றன.

ஒன்று, இடம். சரயேவோ காட்டியது இதைத்தான். கட்டடம் இல்லை என்பதால் வகுப்பு இல்லை என்று அவர்கள் விடவில்லை. சிரியப் போருக்குப் பிறகு லெபனானிலும் ஜோர்டானிலும் செய்ததும் இதன் இன்னொரு வடிவம். காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் படித்த அதே அரசுப் பள்ளியில் மாலையில் அகதிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வேளை நடத்தினார்கள். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021-இல் நம் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியதும் இதே சிந்தனைதான். தெருவிலுள்ள ஒரு திண்ணையிலோ கூடத்திலோ, அதே தெருவில் இருக்கும் தன்னார்வலர் ஒருவர் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு, மொழி. 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள், சுமார் 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டகை முகாம்களில் ஒதுங்கினார்கள். வீடும் கடையும் நகையும் போயின. பள்ளிகளில் இடநெருக்கடி, உள்ளூர் மக்களுக்கும் சிரமம். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. புத்தளத்து முஸ்லிம்களும் தமிழ் பேசுகிறவர்கள், அங்கே தமிழ் வழிப் பள்ளிகள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் விட்ட பாடத்தை அதே மொழியில் தொடர வழி இருந்தது. லெபனானுக்குப் போன சிரியப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அரபியில் கணக்கும் அறிவியலும் படித்தவர்கள், அங்கே அவற்றைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ படிக்க வேண்டியிருந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இதனால் பின்தங்கிப் பள்ளியை விட்டார்கள். குடும்பச் சூழ்நிலையால் ஊர் மாறும்போது, பயிற்று மொழி மாறுகிறதா என்பதை நாமும் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று, சான்றிதழ். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பகுதிக்குத் தப்பி வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள். மூங்கிலாலும் தார்ப்பாயாலும் ஆயிரக்கணக்கான கற்றல் மையங்கள் எழுந்தன. இடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார். ஆனால் வங்கதேசப் பாடத்திட்டத்தை அவர்களுக்கு நடத்த அந்த அரசு அனுமதிக்கவில்லை. மியான்மர் பாடத்திட்டமும் தொடக்கத்தில் இல்லை. ஆகவே முதல் சில ஆண்டுகள் படித்த படிப்புக்கு எந்த வகுப்பின் பெயரும் இல்லை, எந்தச் சான்றிதழும் இல்லை. 2020 ஜனவரியில்தான் மியான்மர் பாடத்திட்டத்துக்கு வங்கதேச அரசு ஒப்புக்கொண்டது. கொரோனாவால் அதுவும் தள்ளிப்போய் 2021 இறுதியில் தொடங்கியது. 2025-இல் வெளிநாட்டு நிதி குறைந்தபோது சிறு வகுப்புகள் நிறுத்தப்பட்டன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

எந்த வாசலையும் திறக்காத படிப்பைப் பெற்றோர் எத்தனை நாள் நம்புவார்கள்? வளர்ந்த பிள்ளைகள் மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள். காஸாவில் 2024-இல் சுமார் 39,000 மாணவர்கள் தவ்ஜீஹி என்னும் மேல்நிலை இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனபோது, உலகம் கட்டட இடிபாடுகளையே பார்த்தது. அந்த மாணவர்கள் இழந்தது கல்லூரிக்குப் போகும் அனுமதிச் சீட்டை. சூடானில் 2023 ஏப்ரலில் தொடங்கிய போருக்குப் பிறகு, 2024 டிசம்பர் இறுதியில்தான் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வை மறுபடி நடத்த முடிந்தது. அப்போதும் டார்ஃபூர் போன்ற பகுதிகளின் மாணவர் பலரால் எழுத முடியவில்லை. ஒரு தேர்வு எழுதுவதற்கே ஒரு தலைமுறை எவ்வளவு ஏங்குகிறது என்பதை, தேர்வு நாளன்று காய்ச்சல் என்று சாக்குச் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டும்.

நான்கு, பெண் பிள்ளைக்கு வழி. நெருக்கடியில் முதலில் நிற்பது பெரும்பாலும் பெண் பிள்ளையின் படிப்பு. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியது. செப்டம்பரில் பையன்களின் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தன, பெண்களுக்குத் திறக்கவில்லை. 2022 மார்ச் 23 அன்று திறப்பதாகச் சொல்லப்பட்டது. பையைத் தோளில் மாட்டி வந்த பெண் பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும், 2024 டிசம்பரில் செவிலியர், மருத்துவச்சிப் படிப்புகளும் மூடப்பட்டன. 2025 மார்ச்சில் யுனிசெஃப் சொன்ன கணக்கின்படி, ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க முடியாமல் இருக்கும் ஆப்கான் பெண் பிள்ளைகள் 22 லட்சம் பேர்.

இதை மார்க்கத்தின் பெயரால் யாராவது நியாயப்படுத்தினால் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரிலேயே எகிப்தின் அல்-அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிப் அவர்கள், இந்தத் தடை ஷரீஅத்துக்கு முரணானது என்று வெளிப்படையாக அறிவித்தார். 2025 ஜனவரியில் உலக முஸ்லிம் லீக், முஸ்லிம் சமுதாயங்களில் பெண் கல்வி குறித்து இஸ்லாமாபாத்தில் ஒரு மாநாட்டையே நடத்தியது.

ஆப்கான் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1990-களில் இதே போன்ற தடை இருந்தபோது ஹெராத் நகரில் 'தங்க ஊசி' என்ற பெயரில் ஒரு தையல் வகுப்பு நடந்தது. துணியும் நூலும் எடுத்துக்கொண்டு பெண்கள் போவார்கள். உள்ளே நடந்தது இலக்கியப் பாடம். இன்றும் வீடுகளுக்குள்ளும் வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. காக்ஸ் பஜார் முகாம்களில் வளர்ந்த பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியபோது, அவர்களைக் கோபிப்பதில் பயனில்லை என்று உணர்ந்தார்கள். பெண்களுக்கென்று தனி வகுப்பு, பெண் ஆசிரியை, வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கூட்டிவர ஒரு பெரியம்மா என்று ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பிறகு பெற்றோர் அனுப்பினார்கள். தயக்கத்தின் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வழி திறந்துவிடுகிறது.

நம் முன்மாதிரி

பத்ருப் போர் நடந்தது ஹிஜ்ரி 2-இல். மதீனாவின் நிலைமை அப்போது மிகவும் இக்கட்டானது. வறுமை ஒருபக்கம், எதிரிகள் மறுபக்கம். கைதிகளை விடுவிக்கக் கிடைக்கும் பணம் அந்தச் சமுதாயத்துக்கு எவ்வளவோ தேவைப்பட்ட நேரம். பணம் கொடுக்க இயலாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதுவே மீட்புத் தொகை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாகச் சீறா நூல்களில் செய்தி வருகிறது. போர் முழுதும் ஓயட்டும், வறுமை தீரட்டும், பிறகு பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்த நெருக்கடிக்குள்ளிருந்தே ஆசிரியர்களைக் கண்டெடுத்தார்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு

இந்தப் பாடத்தை எழுதும்போது எங்களுக்கு எங்கள் தவறும் நினைவுக்கு வருகிறது. 2020 ஊரடங்கில் நம் பகுதியில் வீடு வீடாக அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்தோம். அல்ஹம்துலில்லாஹ், யாரையும் பட்டினி கிடக்க விடவில்லை. அதற்காக நாங்கள் எழுதிய பட்டியலில் குடும்ப அட்டை எண் இருந்தது, எத்தனை பேர் என்பது இருந்தது. பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. பள்ளிகள் திறந்தபோது சில பையன்கள் கடைகளில் வேலையில் இருந்தார்கள். சில பெண் பிள்ளைகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருந்தது. அந்தக் கட்டம் அன்றைக்கே இருந்திருந்தால் சிலரையாவது தடுத்திருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. இப்போது எங்கள் உதவி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், டி.சி., ஆதார் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மழை வெள்ளத்தில் முதலில் எடுக்க வேண்டியது அந்த உறை. படம் எடுத்து நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

2. டி.சி. இல்லை என்று பயந்து பிள்ளையை வீட்டில் வைக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் அதே சட்டம் சொல்கிறது.

3. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் நின்றுவிட்ட பிள்ளைகளுக்குத் துணைத் தேர்வு உண்டு, தனித்தேர்வராக எழுதும் வழி உண்டு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் உண்டு. வயது போய்விட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

4. கஷ்டம் வந்த மாதத்திலேயே சொல்லுங்கள். கட்டணம் மூன்று தவணை பாக்கியான பிறகு சொல்வதைவிட, முதல் தவணை தவறும்போதே பள்ளியிடமும் ஜமாஅத்திடமும் எங்களிடமும் சொன்னால் செய்ய முடிவது அதிகம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

5. வசதியுள்ளவர்கள் சதக்கா கொடுக்கும்போது, உணவுக்குக் கொடுப்பதோடு ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பையும் நிய்யத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். படித்த பிள்ளைகள் உள்ள வீடுகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு மாலை பாடம் சொல்லிக்கொடுக்கலாம். சரயேவோவின் மாடிப்படிகளில் அக்கம்பக்கத்தார் செய்தது இதைத்தான்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

• நம் வீட்டில் நாளை வருமானம் நின்றால், எதை முதலில் நிறுத்துவோம்? படிப்பு அந்த வரிசையில் எங்கே இருக்கிறது?

• பையனின் படிப்பையும் பெண் பிள்ளையின் படிப்பையும் நாம் ஒரே தராசில் வைக்கிறோமா?

• நம் தெருவில் இந்த ஆண்டு பள்ளிக்குப் போகாத பிள்ளை யார்? காரணம் என்னவென்று யாராவது கேட்டோமா?

மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் ஒரு பெயர் இருந்தால், அடுத்த ஜும்ஆவுக்குள் எங்களிடம் சொல்லுங்கள். அந்த வீட்டாரின் கண்ணியம் குறையாமல், விஷயம் வெளியே தெரியாமல் போய்ப் பேசுவது எங்கள் பொறுப்பு.

காஸாவிலும் சூடானிலும் காக்ஸ் பஜாரிலும் ஆப்கானிலும் புத்தகத்துக்காக ஏங்கும் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழி திறப்பானாக. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்பான வகுப்பறைக்கு நன்றி செலுத்துபவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.